இதயத்தின் வாய்க்கால் எந்த வழியாகப் போகிறது?

(உலக இதய நாளையொட்டி நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியாகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 35 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். சின்னமனூர், போடி, கம்பம் என்று நம் பள்ளத்தாக்கைச் சுற்றியே என் வேலை போய்விட்டது. வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் என் தங்கையின் பேத்தி பிறவி இதயக் கோளாறோடு பிறந்தவள். எட்டு வருடமாக அவளுடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு தேனிக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் போய்வருவது என் பொறுப்பு. டாக்டர்கள் சொன்னதைக் கேட்டு, புரியாததைத் திருப்பிக் கேட்டு, வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

'குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை' என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஓட்டையை அடைத்தாயிற்று என்றால் நிம்மதியாகிவிடுகிறோம். அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் எங்கிருந்து கிளம்பி, எந்த வழியாகப் போகின்றன என்பதுதான் அது.

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கிறதே, அதற்குத் தனியாக எதற்குக் குழாய் என்று நானும் கேட்டேன். கேஷியரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து மாலை வரை அவர் கையில் லட்சக்கணக்கில் பணம் புரளும். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட அவர் எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய சம்பளம் தனியாக அவர் கணக்கில் வர வேண்டும். இதயமும் அப்படித்தான். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடித்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது. ஆனால் அதன் தடித்த தசைக்கு உணவும் பிராணவாயுவும் வெளிப்புறத்திலிருந்து வரும் தனிக் குழாய்கள் மூலம்தான் கிடைக்கும். அந்தக் குழாய்களுக்குத்தான் கரோனரி தமனிகள் என்று பெயர். 'கொரோனா' என்றால் லத்தீன் மொழியில் கிரீடம். இதயத்தின் தலைமேல் கிரீடம் வைத்த மாதிரி சுற்றி வருவதால் அந்தப் பெயர். நம்மை வீட்டுக்குள் அடைத்துப்போட்ட வைரஸுக்கும் அதே சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது.

சாதாரணமாக எப்படி இருக்க வேண்டும்? இதயத்தின் இடது அறையிலிருந்து மகாதமனி என்ற பெரிய குழாய் கிளம்புகிறது. அதன் அடிவாரத்தில், வால்வுக்குச் சற்று மேலே, வலதுக்கு ஒன்றும் இடதுக்கு ஒன்றுமாக இரண்டு கரோனரி குழாய்கள் பிரிகின்றன. இடது குழாய் கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரிந்து, ஒன்று இதயத்தின் முன்பக்கமாகக் கீழே இறங்குகிறது, மற்றொன்று பின்பக்கம் சுற்றிப் போகிறது. வலது குழாய் வலது பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு இந்தக் குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பிறந்த குழந்தைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

உலக அளவில் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. நம் நாட்டில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இப்படிப் பிறக்கிறார்கள் என்றும், அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு முதல் வருடத்திலேயே சிகிச்சை தேவைப்படும் என்றும் இதய மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இவர்களில் பலருக்கு அறைகளும் வால்வுகளும் மாறியிருப்பதோடு, கரோனரி குழாய்களின் பாதையும் மாறியிருக்கலாம். ஓட்டை தெரிந்துவிடும். குழாய் மாறியிருப்பது தேடினால்தான் தெரியும். அதில் மூன்று உதாரணங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எங்கள் குழந்தைக்கு இருந்தது. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்பார்கள். 1888இல் பிரான்சின் மார்செய் நகரில் ஃபாலோ என்ற மருத்துவர் விரிவாக எழுதியதால் அவர் பெயர். கீழறைகளுக்கு இடையே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் குறுகல், மகாதமனி ஓட்டையின் மேல் நகர்ந்து உட்கார்ந்திருப்பது, வலது கீழறைச் சுவர் தடித்துப்போவது என்று நான்கு கோளாறுகள் சேர்ந்தது. அழும்போது உதடும் நகமும் நீலமாகும். நடக்கிற வயதில் ஓடிவிட்டுக் குந்தி உட்கார்ந்துகொள்வார்கள். இதற்கு ஆபரேஷனில் ஓட்டையை அடைப்பார்கள், குறுகலான வழியை வெட்டி அகலப்படுத்துவார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் தண்ணீரின் அருமையை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை 1895இல் முடிந்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பி விட்டதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. இப்போது ஒரு ரோடு குறுகலாக இருக்கிறது, அகலப்படுத்த வேண்டும் என்று பொக்லைன் கொண்டுவருகிறோம். தோண்ட வேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் போகிறது. ரோட்டுக்காக அதை வெட்டிவிட்டால், அந்தக் கடைமடை வயல் முழுவதும் காய்ந்துவிடும். ரோடு நன்றாக இருக்கும், ஊருக்குச் சோறு இருக்காது.

ஃபாலோ கோளாறு உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இப்படி அமைகிறது. இடது பக்கத்திலிருந்து வர வேண்டிய முன்பக்கக் குழாய், வலது கரோனரியிலிருந்து கிளம்பி, சர்ஜன் வெட்ட வேண்டிய இடத்துக்குக் குறுக்கே போகிறது. அதை வெட்டினால் இதயத்தின் முக்கியமான தசைக்கு ரத்தம் நின்றுவிடும். அதனால் அவர்கள் வெட்டும் இடத்தை மாற்றுவார்கள், அல்லது அந்தக் குழாயைத் தொடாமல் அதற்கு மேலாகத் தனியாக ஒரு செயற்கைக் குழாயைப் பொருத்துவார்கள். எங்கள் குழந்தைக்கு எக்கோவில் சந்தேகம் வந்து, சி.டி. ஸ்கேனில் உறுதியாகி, இரண்டாவது முறையில் செய்தார்கள். இப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். கண்ணாமூச்சி விளையாடுகிறாள். ஆனால் குழந்தை வளரும், செயற்கைக் குழாய் வளராது. ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் வேறு ஒருவராக இருக்கலாம், வேறு ஊராகவும் இருக்கலாம். அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

இரண்டாவது உதாரணத்தில் பெரிய குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறக்கின்றன. இடது அறையிலிருந்து கிளம்ப வேண்டிய மகாதமனி வலது அறையிலிருந்தும், நுரையீரல் தமனி இடது அறையிலிருந்தும் கிளம்பும். கெட்ட ரத்தம் உடம்புக்கே திரும்பத் திரும்பப் போகும். நல்ல ரத்தம் நுரையீரலுக்கே போய்வரும். பிறந்த முதல் நாளே குழந்தை நீலமாகிவிடும். பெரிய குழாய்களை வெட்டி இடம் மாற்றித் தைத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். டாக்டர்களுக்கும் அது ரொம்ப நாளாகத் தோன்றியதுதான். தடையாக இருந்தது கரோனரி குழாய்கள். பெரிய குழாயை மாற்றினால், அதன் அடிவாரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மில்லிமீட்டர் குழாய்களையும் பெயர்த்துப் புது இடத்தில் நட வேண்டும். துளி முறுக்கினாலும், துளி இழுபட்டாலும் ரத்தம் நின்றுவிடும்.

அதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்துகாட்டியவர் பிரேசில் நாட்டின் அடிப் ஜட்டேனே. 1975இல் சாவ் பாவ்லோ நகரில் செய்தார். பின்னாளில் அந்த நாட்டின் சுகாதார அமைச்சராகவும் ஆனார். அதே 1975இல்தான் நம் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். அங்கே பச்சைக் குழந்தைக்கு, இங்கே பெரியவருக்கு. இரண்டிலும் கை வைத்த இடம் அதே மெல்லிய குழாய்கள்தான்.

இந்தக் கோளாறில் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கரோனரி அமைப்பு ஒரே மாதிரி இருக்கும். மீதிப் பேருக்கு விதவிதமாக இருக்கும். ஒரே குழாயாகக் கிளம்பும், சுற்றி வளைத்துப் போகும், சிலருக்கு மகாதமனியின் சுவருக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஒளிந்து போகும். இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு முறை இருக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1983இல் கொடுத்தது. மகாதமனியின் உள்ளே, நுரையீரல் தமனியைப் பார்த்து நின்றுகொண்டதாகக் கற்பனை செய்ய வேண்டும். வலது கைப்பக்கப் பள்ளம் 1, இடது கைப்பக்கப் பள்ளம் 2. எந்தக் குழாய் எந்த எண்ணிலிருந்து கிளம்புகிறது என்று குறித்துவிடுவார்கள். லெட்ஜரில் ஃபோலியோ நம்பர் போடுகிற மாதிரி. அந்தக் குறிப்பு ஆபரேஷன் நோட்ஸில் இருந்தால், உலகத்தில் எந்த ஊர் சர்ஜனும் படித்துப் புரிந்துகொள்வார்.

மூன்றாவதில் ஓட்டையே கிடையாது. மற்றதெல்லாம் சரியாக இருக்கும். இடது கரோனரி மட்டும் மகாதமனிக்குப் பதிலாக நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பும். சுமார் மூன்று லட்சம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் அரிதானது. பிறந்த புதிதில் நுரையீரல் பக்கம் அழுத்தம் அதிகம் என்பதால் அந்தக் குழாய்க்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சில வாரங்களில் அந்த அழுத்தம் குறைந்ததும் ரத்தம் எதிர்த்திசையில் வடிந்துவிடும். இதயத் தசை பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கும்போது திடீரென்று வீறிட்டு அழும், முகம் வெளுக்கும், தலையெல்லாம் வேர்க்கும், மூச்சு வாங்கும். வீட்டில் வயிற்றுவலி என்று நினைத்து ஓம வாட்டர் கொடுப்போம், வசம்பு உரசுவோம். உண்மையில் அது பெரியவர்களுக்கு வருகிற நெஞ்சுவலி மாதிரி. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. கண்டுபிடித்து அந்தக் குழாயை மகாதமனியில் மாற்றி நட்டுவிட்டால், சோர்ந்துபோன இதயம் பெரும்பாலும் தேறிவிடுகிறது. ஆகையால் தாய்மார்களே, பாட்டிமார்களே, பால் குடிக்கையில் வேர்க்கிற குழந்தையை ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இது குழந்தைகள் விஷயம், நம் வீட்டில் எல்லோரும் பெரியவர்கள் என்று சிலர் நினைக்கலாம். சிறு வயதில் இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஃபாலோ ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு இருபது முப்பது வயதுகளில் நுரையீரல் வால்வு புதிதாக வைக்க வேண்டிவரும். இப்போது நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டே வால்வு வைக்கிறார்கள். ஆனால் வால்வை விரிக்கும்போது பக்கத்தில் ஓடுகிற கரோனரி குழாயை அது நசுக்கிவிடும் ஆபத்து நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு இருக்கிறது. அதனால் முதலில் அந்த இடத்தில் பலூனை ஊதிப் பார்த்து, அதே நேரத்தில் கரோனரியில் மருந்து செலுத்திப் படம் எடுத்த பிறகுதான் வால்வு வைப்பார்கள். நெஞ்சைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தாலும் இதே கதைதான். பழைய ஆபரேஷனால் உள்ளே எல்லாம் ஒட்டியிருக்கும், எலும்புக்கு அடியில் எந்தக் குழாய் இருக்கிறது என்று தெரியாமல் ரம்பம் வைக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இருக்கிறார். ஏலத் தோட்ட வேலைக்காகத் தினமும் ஜீப்பில் மலையேறிய குடும்பம். நான்கு வயதில் அவருக்கு ஆபரேஷன் ஆனது. இப்போது 26 வயது, மூச்சு வாங்குகிறது. வீடு மாறியதில் காகிதமெல்லாம் போய்விட்டது. 'ஓட்டையை அடைத்தார்கள்' என்பதற்கு மேல் அவருடைய அம்மாவுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஆபரேஷன் செய்த இடத்திலும் 22 வருடத்துக்கு முந்தைய ரெக்கார்டு கிடைக்கவில்லை. மறுபடியும் சி.டி., ஆஞ்சியோ எல்லாம் செய்து முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பணமும் போகிறது, மாதங்களும் போகின்றன. ஒரு பாஸ்புக் தொலைந்தால் டூப்ளிகேட் கொடுத்துவிடுவோம், ஏனென்றால் எங்கள் லெட்ஜர் பத்திரமாக இருக்கும். இங்கே பாஸ்புக்கும் லெட்ஜரும் நம் கையிலுள்ள அந்த ஒரே ஃபைல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கருவிலேயே எக்கோ எடுக்கலாம்.

இரண்டு. குழந்தை பிறந்த மறுநாள், வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட அதே வகைக் கருவிதான், பிஞ்சுக் கைக்கு ஏற்ற சென்சார் வைத்திருப்பார்கள். ஊசி கிடையாது, ஒன்றிரண்டு நிமிடம் போதும். இரண்டு இடத்திலும் 95க்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, திரும்பப் பார்த்து எக்கோவுக்கு அனுப்புவார்கள். 90க்குக் கீழே என்றால் காத்திருக்கவே கூடாது. அளவு சரியாக இருந்தாலும் எல்லாக் கோளாறும் இல்லை என்று ஆகிவிடாது. மூன்றாவதாகச் சொன்னேனே, அது இதில் பிடிபடாது.

மூன்று. நம் வீடுகளில் வேலை செய்கிற அக்காமார்களுக்கும் வாட்ச்மேன் குடும்பத்துக்கும் இதைச் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து 18 வயது வரை குழந்தைகளைப் பார்க்கிறது. அதில் பிறவி இதயக் கோளாறும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கார்டு இல்லாதவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள்.

நான்கு. ஆபரேஷன் என்று முடிவானால் டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 'சார், கரோனரி குழாய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன? நீங்கள் வெட்டுகிற இடத்துக்குக் குறுக்கே ஏதாவது போகிறதா?' இப்படிக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். எங்களிடம் ஒரு டாக்டர் வெள்ளைத்தாளில் படமே போட்டுக் காட்டினார். அந்தத் தாளும் எங்கள் ஃபைலில் இருக்கிறது.

ஐந்து. வீட்டுக்குத் திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்ஸ், எக்கோ ரிப்போர்ட், சி.டி. அல்லது ஆஞ்சியோ படம் உள்ள சி.டி. தட்டு எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு செட் வீட்டு பீரோவில், ஒரு செட் நெருங்கிய உறவினர் வீட்டில், ஒன்று போனிலும் மெயிலிலும். எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளி, கட்டப்பனையில் பிரசவமாகி, இந்தப் பக்கம் வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள் இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் அந்த ஃபைலை அவர்கள் கையில் கொடுத்து, தன் இதயத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்று அவர்களே சொல்லும்படி பழக்குங்கள். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சுக்காக அதை ஒளித்து வைக்காதீர்கள். கர்ப்பமாகும்போது அந்தக் காகிதம்தான் அவளைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு குழந்தை பிறந்தால் கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று மருமகளைக் குறை சொல்லாதீர்கள். குழந்தையின் இதயமும் அதன் குழாய்களும் உருவாவது கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களில். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பது உறுதியாவதற்குள்ளேயே அதில் பாதி வேலை நடந்துவிடுகிறது. திட்டுகிற நேரத்தில் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தால் அவளுக்கு உதவியாக இருக்கும்.

நம் சங்க அலுவலகத்தில் ஸ்கேனர் இருக்கிறது. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். யார் வீட்டு மருத்துவக் காகிதமாக இருந்தாலும், உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களுடையதாக இருந்தாலும், கொண்டுவாருங்கள். தேதி வாரியாக அடுக்கி, ஸ்கேன் செய்து, உங்கள் போனுக்கே அனுப்பித் தருகிறேன். சங்கத்தில் நகல் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டோம்.